தொண்ணூறு நிமிட ஓய்வு

அக்டோபர் 6, திங்கள்

இன்று முற்பகலில், ஆய்வகத்தின் செருப்பு அலமாரியை வாசலின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றுவது என்று முடிவு செய்தேன். பல வாரங்களாக மனத்தில் இருந்த விஷயம். இடப்பக்கம் இருந்தால் கதவு திறக்கும்போது அலமாரியில் இடிக்கிறது. வலப்பக்கம் இருந்தால் தீயணைப்பான் மறைகிறது. தீ இதுவரை வந்ததில்லை. கதவோ தினமும் திறக்கிறது. இவற்றையெல்லாம் சீர்தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் எங்கள் ஆய்வக உதவியாளர் ராஜமணியை அழைத்து முடிவை அறிவித்தேன்.

"சரி சார். ஆனா மறுபடி மாத்தச் சொல்லாதீங்க, முதுகு புடிச்சுக்குது" என்றார். பெரிய மாற்றங்களை மக்கள் முதலில் இப்படித்தான் வரவேற்கிறார்கள்.

நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்கு இருந்ததில்லை. சென்ற மாதம் எங்கள் கட்டுரை வெளியானபின், பிற்காலத்தில் யாரேனும் இந்தக் கண்டுபிடிப்பு எந்தச் சூழலில் நடந்தது என்று கேட்டால் பதில் இருக்க வேண்டுமே என்று தொடங்கியிருக்கிறேன்.

சூழல் இது. எங்களிடம் இருக்கும் பொருள் ஓர் அணு கனமே உள்ள படலம். படிகத்தின் மேல் செலோ டேப்பை ஒட்டிப் பிய்த்தால் செதில் செதிலாக வரும். நல்ல செதில் என்றால் தலைமயிரின் குறுக்களவில் பாதி இருக்கும். அதைச் சோதிக்க நாங்கள் அனுப்பும் டெராஹெர்ட்ஸ் ஒளியின் அலை ஒரு ரவைக் குருணை அளவு. அதாவது, யானைக் கூட்டத்தை வயலுக்குள் விட்டு, அங்கே கிடக்கும் ஒரு மிளகைப் பற்றி யானைகளிடம் விசாரிப்பது போன்ற வேலை. இதற்காக ஒரு தங்கத் தகட்டில் இரண்டு ஊசித்துளைகள் போட்டிருக்கிறோம். ஒன்றின் மேல் செதில் இருக்கும், மற்றது காலி. முதலில் காலித் துளையை அளப்போம். பிறகு செதில் உள்ள துளையை அளப்போம். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் செதிலின் குணம் மட்டும் மிஞ்சும்.

மிஞ்சியது ஒரு பள்ளம். அந்த விடையை வரைந்த வளைகோட்டில் ஓரிடத்தில், கூர்மையாக, அழகாக. உலகில் வேறு யாரும் பார்க்காத பள்ளம்.

அளந்தவள் என் ஆய்வு மாணவி செண்பகவல்லி. கோவில்பட்டிக்காரி. அவளுடைய ஆய்வேடு முழுவதும் அந்தப் பள்ளத்தின் மேல்தான் நிற்கிறது. பதிவுக் காலம் டிசம்பர் 31-இல் முடிகிறது. அதற்குள் சமர்ப்பித்தால் முனைவர். இல்லையென்றால் ஏழு வருடம் அளவுக் கருவியின் கண்ணாடிப் பெட்டிக்கு முன் உட்கார்ந்திருந்த ஒருத்தி.


அக்டோபர் 8, புதன்

எங்கள் செய்முறையையும் பதிவு செய்துவிடுவது நல்லது.

திங்கள், புதன், வெள்ளிக் கிழமைகளில் அளவீடு. காலித் துளையைக் காலையில் அளக்கிறோம். பிறகு ஓர் ஓய்வு இடைவெளி. அதற்குப் பின் செதில். இந்த இடைவெளி தொடக்கத்தில் ஒரு வீட்டுக் காரணத்தால் வந்தது. ராகு காலத்தில் புதிய வேலை தொடங்குவது என் மனைவி வத்சலாவுக்குப் பிடிக்காது. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. முப்பது வருட மண வாழ்க்கையின் அமைதியைக் கருதி, அந்த ஒன்றரை மணி நேரம் செதிலைத் தொடுவதில்லை, அவ்வளவே. வெள்ளிக்கிழமைகளில் இது பத்தரை முதல் பன்னிரண்டு வரை வருகிறது. புதனன்று பன்னிரண்டு முதல் ஒன்றரை.

அந்த நேரத்தில் நைட்ரஜன் சிலிண்டரை மூடிவைக்கச் சொல்லியிருக்கிறேன். காற்றின் ஈரம் எங்கள் ஒளியை விழுங்கும் என்பதால் கண்ணாடிப் பெட்டிக்குள் நைட்ரஜனை ஓடவிடுகிறோம். வேலை நடக்காதபோது அது ஏன் ஓட வேண்டும்?

இயற்கை தற்செயலாகத்தான் தன்னைக் காட்டிக்கொள்கிறது. ஓய்வு கிடைத்த வெள்ளி, புதன் கிழமைகளில் மட்டும் பள்ளம் வந்தது. ஓய்வே இல்லாத திங்கட்கிழமைகளில் வரவில்லை. இதிலிருந்துதான் நான் அந்தக் கொள்கையை வகுத்தேன்: இந்தப் படலத்தின் மின்னணுக்கள் இருட்டில் தொண்ணூறு நிமிடம் விடப்பட்டால் மெல்ல ஒழுங்குக்கு வருகின்றன. கட்டுரையில் இதற்குப் பதினோரு சமன்பாடுகள் இருக்கின்றன.


அக்டோபர் 10, வெள்ளி

பள்ளம் வந்தது. உணவக வெண்பொங்கல் சுமார்.


அக்டோபர் 16, வியாழன்

இன்று நான் எதிர்பாராத ஒரு மின்னஞ்சல் வந்தது. அதை எழுதுவதற்கு முன் இரண்டு முறை பேனாவை மாற்றினேன்.

ஜெர்மனியில் ஒரு குழுவுக்கு ஆகஸ்டில் எங்கள் செதில் ஒன்றை அனுப்பியிருந்தோம். அவர்கள் எங்கள் செய்முறையை எழுத்துக்கு எழுத்து பின்பற்றினார்களாம். காலித் துளை, இருட்டில் தொண்ணூறு நிமிடம், பிறகு செதில். பள்ளம் இல்லை. பல நாள் முயன்றும் இல்லை. கடைசியில் மிக மரியாதையாக ஒரு கேள்வி: தொண்ணூறு நிமிடம் என்பதை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்?

செதில் தபாலில் கெட்டிருக்க வேண்டும் என்றேன். செண்பகவல்லி மின்னஞ்சலை மறுபடி படித்தாள்.

"கேக்கறது நியாயமான கேள்விதான் சார். நாம ஒரு தடவையாவது அறுபது நிமிஷம் வச்சுப் பாத்திருக்கணும்."

"அறுபதுல எப்படிம்மா பாக்கறது? பதினொன்றரைக்கு ஆரம்பிக்க முடியுமா?"

"ஏன் சார் முடியாது?"

"முடியாதுன்னு சொல்லலை. வேண்டாம்னு சொல்றேன்."

அவள் ராஜமணியைப் பார்த்தாள். ராஜமணி அலமாரியைப் பார்த்தார். என் ஆய்வகத்தில் இவ்வளவு பேர் இவ்வளவு நேரம் எதையோ பார்த்துக்கொண்டு நின்றது இதுவே முதல் முறை.


அக்டோபர் 17, வெள்ளி

ஜெர்மானியர்களுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். "அன்புள்ள" வரை நன்றாக வந்தது.


அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

வத்சலா பலகாரத் தட்டோடு வந்து, ஏன் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னேன். அவளுடைய ராகு காலத்துக்காக நாங்கள் விட்ட இடைவெளியிலிருந்து எப்படி ஒரு கொள்கை பிறந்தது என்பதையும் சொன்னேன்.

"என்னோட ராகு காலமா?" என்றாள்.

"உனக்குப் பிடிக்காதேன்னுதான்."

"நான் எப்ப சொன்னேன்? எங்க வீட்ல யாரும் அதெல்லாம் பாக்கறதில்ல. கல்யாணத்தன்னிக்கு மண்டப வாசல்ல வந்து இறங்கினப்புறம், ராகு காலம் முடியட்டும்னு என்னைக் கார்லயே உட்கார வச்சது யாரு? ஏசி இல்லாத அம்பாசிடர். பட்டுப் புடவையோட."

"அது பெரியவங்க சொன்னாங்க."

"பெரியவங்க எல்லாம் உள்ள டிபன் சாப்பிட்டுட்டு இருந்தாங்க. நீங்க ஜன்னல் பக்கத்துல கடிகாரத்தைப் பாத்துட்டு நின்னீங்க."

மனித நினைவாற்றலை நம்பி எந்த ஆய்வும் செய்ய முடியாது. முறுக்கு நன்றாக வந்திருந்தது.


அக்டோபர் 24, வெள்ளி

பள்ளம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை. முறையான ஓய்வு. நல்ல செதில். வரவில்லை. நேர்கோடு, மருத்துவமனையில் மட்டுமே பார்க்கக்கூடிய மாதிரியான நேர்கோடு.

விசாரித்ததில், ராஜமணி இடைவெளியில் நைட்ரஜனை மூடவில்லை என்று தெரிந்தது. பொறுப்பின்மை பற்றிச் சில வார்த்தைகள் சொல்லத் தொடங்கினேன்.

"அவரைத் திட்டாதீங்க சார். நான்தான் மூட வேணாம்னு சொன்னேன்" என்றாள் செண்பகவல்லி. "ஜெர்மன்காரங்க மூடியிருக்க மாட்டாங்கல்ல? அவங்க பேப்பர்ல இருக்கறபடி செய்வாங்க. மூடணும்னு நம்ம பேப்பர்ல இல்ல."

"சிலிண்டரை மூடறதெல்லாம் யாராவது பேப்பர்ல எழுதுவாங்களாம்மா?"

"அதைத்தான் சார் யோசிச்சுட்டு இருக்கேன்" என்றாள்.

அவள் யோசிப்பதை ஏழு வருடமாக ஊக்குவித்து வந்திருக்கிறேன்.


அக்டோபர் 31, வெள்ளி

பிற்பகல் என் அறைக்கு வந்து, மேசையில் ஒரு வரைபடத்தை வைத்தாள். பள்ளம் இருந்தது. நான் இதுவரை பார்த்ததிலேயே ஆழமானது. ஓரங்கள் கத்தியால் செதுக்கியது போல இருந்தன. எனக்கு உடம்பில் உயிர் திரும்பியது.

"பாத்தியா? இதுதான்மா நம்ம செதில். ஒரு வாரம் கொஞ்சம் சோர்ந்திருந்தது, அவ்வளவுதான். இதை உடனே ஜெர்மனிக்கு அனுப்பு. இதுவரைக்கும் வந்ததுல இதுதான் பெஸ்ட்."

அவள் அந்த வரைபடத்தை ஓரமாகத் தள்ளினாள். இன்னொரு தாளை வைத்தாள். நுண்ணோக்கிப் படம். தங்கத் தகடு, இரண்டு துளைகள். இரண்டும் வெறுமையாக இருந்தன.

"செதில் எங்கே?" என்றேன்.

"இல்ல சார். இந்தத் தகட்டுல செதிலே வைக்கல. காலித் துளையை அளந்தேன். ராஜமணி அண்ணன் சிலிண்டரை மூடினாங்க. பன்னெண்டு மணிக்கு மேல பக்கத்துக் காலித் துளையை அளந்தேன். அதே பள்ளம் வந்துடுச்சு."

ஒன்றுமில்லாததன் பள்ளம், என் பொருளின் பள்ளத்தைவிட ஆழமாக இருந்தது. நான் தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் ஏதோ இருக்கும் என்று ஏன் நினைத்தேன் என்று தெரியவில்லை.

அவள் மெதுவாக விளக்கினாள். சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல என்று நினைத்துக் கோபப்படத் தயாராக இருந்தேன். ஆனால் அவள் என்னைப் பார்க்காமல் தாளைப் பார்த்தே பேசினாள்.

"மூடி வச்சா ஒன்றரை மணி நேரத்துல வெளிக்காத்து உள்ள வந்துடுது சார். திறந்து கால் மணி நேரம் ஓடவிட்டதும் ஈரம் காட்டற மீட்டர் 'லோ'ன்னு காட்டுது, நாம ஆரம்பிச்சுடறோம். ஆனா அஞ்சு சதவீதத்துக்குக் கீழ எது இருந்தாலும் அந்த மீட்டருக்கு லோதான். காலையில ஒண்ணு இருந்திருக்கும். மத்தியானம் நாலு இருந்திருக்கும். ரெண்டு தடவையும் ஈரம் ஒரே அளவுதான்னு நினைச்சு வகுத்துட்டோம். செதில் அவ்வளவு சின்னது, அது செய்யற மாத்தம் ஆயிரத்துல ஒரு பங்குகூட வராது. இந்த ஈரம் அதை முழுங்கிடுச்சு. நாம மூணு வருஷமா அளந்தது மெட்ராஸ் காத்தை சார்."

"அப்படின்னா திங்கக்கிழமை ஏன் வரல?"

"திங்கக்கிழமை ராகு காலம் நாம ஆபீஸ் வர்றதுக்கு முன்னாடியே முடிஞ்சிடுதே சார்."

வெளியே மழை பிடித்துக்கொண்டது.


நவம்பர் 1, சனி

காரைக் கழுவினேன். மழை பெய்துகொண்டிருந்தது என்று வத்சலா பிறகு சொன்னாள்.


நவம்பர் 3, திங்கள்

முதலாண்டு வகுப்பில் அறுபது மாணவர்களுக்கு அளவீட்டுப் பிழைகள் பற்றிப் பாடம் எடுத்தேன். எல்லாருக்கும் புரிந்தது. ஒரு பையன், "சார், ஒப்பீட்டு அளவையும் பொருளின் அளவையும் ஒரே நிலைமையில எடுக்கணும், அவ்வளவுதானே?" என்றான். அவ்வளவுதான் என்றேன். சாக்பீஸ் கையில் உடைந்தது.


நவம்பர் 5, புதன்

செண்பகவல்லி கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். வழக்கமாக அவள் சாத்துவதில்லை.

கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிடலாம் என்றாள். நைட்ரஜனை நிறுத்தாமல், துளைகளை மாற்றி மாற்றி உடனுக்குடன் அளந்தால், செதிலின் உண்மையான குணம் ஆறு மாதத்தில் தெரிந்துவிடும். அது பள்ளமாக இல்லாவிட்டாலும் ஆய்வேட்டுக்குப் போதும் என்றாள். கணக்கெல்லாம் போட்டு வைத்திருந்தாள். கணக்கு சரியாக இருந்தது.

ஆனால் ஆறு மாத நீட்டிப்பு வேண்டும். எங்கள் விதி, தாமதத்துக்கு மாணவர் காரணமில்லை என்று வழிகாட்டி ஆய்வுக் குழுவின் முன் சொன்னால் நீட்டிப்பு உண்டு, மாணவரின் பிழை என்றால் இல்லை என்கிறது.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும் சார். இடைவெளி லேப்ல ஏற்கெனவே இருந்த வழக்கம், இவ வச்சதில்லன்னு. வேற எதுவும் சொல்ல வேண்டாம். ராகு காலம்னு நான் வாயே திறக்க மாட்டேன்."

"அது ராகு காலம் இல்லம்மா. ஓய்வு இடைவெளி."

"சரி சார். ஓய்வு இடைவெளி." கணக்குத் தாளை மடித்துக்கொண்டே, "வீட்ல அப்பாகிட்ட டிசம்பர்ல முடிஞ்சிடும்னு சொல்லியிருந்தேன். ஜூன்னு சொன்னா ஏழாவது தடவையா மாத்துறேன்னு சிரிப்பாரு. சிரிச்சிட்டுப் போகட்டும். சொல்லிடுவீங்கல்ல சார்?"

"சொல்லாம?" என்றேன்.

உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். இங்கே எழுதி வைக்கிறேன்.


நவம்பர் 14, வெள்ளி

குழுவின் முன் சொல்ல வேண்டியதைக் குளியலறையில் சொல்லிப் பார்த்தேன். "இந்த இடைவெளியை ஏற்படுத்தியவன் நான்." நல்ல வாக்கியம், இலக்கணப் பிழை இல்லை. ஆனால் அடுத்த கேள்வி "ஏன்?" என்றுதான் வரும். அதற்குப் பின் வரவேண்டிய வாக்கியம் குளியலறையில்கூட வரவில்லை.

"உள்ள யார்கூட பேசறீங்க?" என்று வத்சலா கதவைத் தட்டினாள்.


நவம்பர் 19, புதன்

குழு கூடியது. தலைவர் பேராசிரியர் ஹபீப் ரஹ்மான். இருபது வருடமாக என் சக ஊழியர், நல்ல மனிதர், கேள்வி கேட்கும் பழக்கம் உள்ளவர். மேலும் இரண்டு உறுப்பினர்கள். காபி, முந்திரி பிஸ்கட்.

செண்பகவல்லி முக்கால் மணி நேரம் பேசினாள். காலித் துளையின் பள்ளத்தைத் திரையில் காட்டியபோது அறையில் யாரோ பிஸ்கட் கடிப்பதை நிறுத்தினார்கள். தானே தன் கண்டுபிடிப்பைக் கொன்று, அதை அழகாக நீட்டிப் படுக்கவைத்திருந்தாள். இடைவெளி ஆய்வகத்தின் நடைமுறை என்று ஒரே ஒரு வரி சொல்லிவிட்டுப் போனாள். விதிப்படி, வழிகாட்டி பேசும்போது மாணவர் வெளியே இருக்க வேண்டும்.

ஹபீப் கண்ணாடியைக் கழற்றினார். "பொண்ணு பிரமாதமா வேலை செஞ்சிருக்கா. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் புரியல. தொண்ணூறு நிமிஷம். அது ஏன் தொண்ணூறு?"

"ஒரு நடைமுறை" என்றேன்.

"யார் வச்ச நடைமுறை?"

சுவரில் ஒரு தினசரி காலண்டர் மாட்டியிருந்தது. நிறுவனத்தின் கூட்டுறவுச் சங்கம் கொடுத்தது. தேதிக்குக் கீழே நல்ல நேரமும், அதற்குக் கீழே மற்ற நேரங்களும் கொட்டை எழுத்தில் இருந்தன. உறுப்பினர்களில் ஒருவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஹபீபும் திரும்பிப் பார்த்தார். பிறகு எல்லாரும் காபியைப் பார்த்தார்கள். கடிகாரத்தில் பன்னிரண்டேகால்.

"அளவீட்டு அட்டவணையை ஆய்வு மாணவரே வகுத்துக்கொள்வது எங்கள் ஆய்வகத்தின் வழக்கம்" என்று யாரோ சொன்னார்கள். குரல் எனக்கு மிகவும் பழக்கமானதாக இருந்தது. அது என்னுடையது என்று தெரிந்தபோது நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அது பொதுவாகச் சொன்ன ஒரு வாக்கியம். யாருடைய பெயரும் அதில் இல்லை. பல ஆய்வகங்களில் அப்படித்தான் வழக்கமும்.

"அப்ப அந்தப் பொண்ணு வச்சதுதானா?" என்றார் ஹபீப். மிக நிதானமாக, எனக்கு நேரம் கொடுப்பதுபோலக் கேட்டார்.

நான் பிஸ்கட்டை எடுத்தேன். அவர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு ஏதோ குறித்துக்கொண்டார்.

வெளியே தாழ்வாரத்தில் செண்பகவல்லி எழுந்து நின்றாள்.

"சொல்லிட்டீங்களா சார்?"

"பேசினேன்மா" என்றேன்.

"தேங்க்ஸ் சார்" என்றாள். முகத்தில் பல வாரங்களுக்குப் பின் ரத்தம் ஓடியது. ராஜமணிக்கும் எனக்கும் கீழே காபி வாங்கிக் கொடுத்தாள். நான் குடித்தேன்.


நவம்பர் 27, வியாழன்

முடிவு வந்துவிட்டது. நீட்டிப்பு இல்லை. "பிழை மாணவரின் அளவீட்டு அட்டவணையைச் சார்ந்தது என்பதால்."

நிர்வாகம் இவ்வளவு விரைவாகச் செயல்படும் என்று நான் நினைக்கவில்லை. என் பயணப்படி இன்னும் வரவில்லை.

மதியம் அவள் வந்தாள். இந்த முறை கதவைச் சாத்தவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் சார். ஏன் தொண்ணூறு நிமிஷம்னு அவங்க கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

இந்த இடத்தில் ராஜமணி தேநீரோடு வந்தார். அவர் டம்ளர்களை வைத்துவிட்டுப் போகும்வரை அவள் காத்திருந்தாள். போன பிறகும் காத்திருந்தாள். நான் சர்க்கரை குறைவாக இருக்கிறது என்றேன்.

அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு வரைபடத்தில் எதிர்பார்க்காத ஒன்றைக் கண்டால் அவள் பார்க்கும் பார்வை அது. முதலில் நம்பாமல் பார்ப்பாள், பிறகு அளவைச் சரிபார்ப்பாள், கடைசியில் ஏற்றுக்கொள்வாள்.

"சரிங்க சார்" என்றாள்.


நவம்பர் 28, வெள்ளி

இன்று ஹபீபைப் பார்த்துப் பேசிவிடுவது என்று கிளம்பினேன். அவர் வகுப்பில் இருந்தார். நூலகத்தில் காத்திருந்தேன். வகுப்பு முடிந்து அவர் வெளியே வந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார் என்றே நினைக்கிறேன். நடையை மெதுவாக்கினார். பிறகு போய்விட்டார்.


டிசம்பர் 10, புதன்

கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. ஜெர்மானியர்களுக்கும் தெரிவித்தாயிற்று. அவர்கள் உடனே பதில் எழுதினார்கள்: காலித் துளைச் சோதனை மிக நேர்மையான அறிவியல், அதைச் செய்தவருக்கு எங்கள் வணக்கத்தைத் தெரிவியுங்கள்.

செண்பகவல்லி இன்று விடுப்பில் இருந்தாள். பிறகு தெரிவிக்கலாம்.


டிசம்பர் 17, புதன்

"செண்பகவல்லி மேடம் பொட்டி கட்டுறாங்க சார். நீங்க போய் ஒரு வார்த்தை பேசுனா நல்லாருக்கும்" என்றார் ராஜமணி.

"என்ன பேசறது ராஜமணி?"

"அது எனக்குத் தெரியாது சார். உங்களுக்குத்தான் தெரியும்."

ஒன்றரை மணிக்குப் போகலாம் என்று உட்கார்ந்திருந்தேன். போனபோது மேசை துடைத்திருந்தது.


டிசம்பர் 31, புதன்

ஆண்டு முடிகிறது. வத்சலா இரண்டு நாளாகச் சரியாகப் பேசுவதில்லை. செண்பகவல்லி ஊருக்குப் போவதற்கு முன் வீட்டுக்கு வந்து அவளிடம் சொல்லிக்கொண்டு போனதாகத் தெரிகிறது. என்ன பேசினார்கள் என்று கேட்டேன். "உங்களைப் பத்தி ஒரு வார்த்தை தப்பா பேசல" என்றாள். அதைச் சொல்லும்போது ஏன் அழுதாள் என்பது விளங்கவில்லை.


ஜனவரி 9, வெள்ளி

ஒரு சதவீதத்தைக்கூடக் காட்டும் புதிய ஈரப்பத மானி வந்தது. நைட்ரஜன் இனி நாள் முழுவதும் ஓடும். துளைகளை மாற்றி மாற்றி உடனுக்குடன் அளக்கிறோம். செதிலின் உண்மையான வளைகோடு தெரியத் தொடங்கியிருக்கிறது. செண்பகவல்லி போட்ட கணக்குக்கு மிக அருகில் இருக்கிறது. இதை எடுத்துச் செய்ய புதிய மாணவர் ஒருவர் சேர்ந்திருக்கிறார்.

செண்பகவல்லி கோவில்பட்டியில் ஒரு டியூஷன் சென்டரில் சேர்ந்திருப்பதாக ராஜமணி சொன்னார். பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறாள்.